அதிகம் அழாத குழந்தையும் இரண்டு வாரக் கெடுவும்

வட சென்னையில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் பாராட்டு, குழந்தை சமத்தாக இருக்கிறது என்பது. பாலுக்குக்கூட எழுப்பித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது, இரவெல்லாம் தூங்குகிறது, அழுதாலும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்பதில்லை என்று பாட்டி பெருமையாகச் சொல்வார். ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்துறங்கும் கொருக்குப்பேட்டை, காசிமேடு வீடுகளில் அது பெரிய நிம்மதிதான். அப்படித் தூங்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு எந்தக் குறையும் இருக்காது. மிகச் சிலருக்கு மட்டும், கழுத்தில் இருக்க வேண்டிய தைராய்டு சுரப்பி இல்லாததாலோ, இருந்தும் வேலை செய்யாததாலோ அந்த அமைதி வந்திருக்கும். இதைப் பிறவித் தைராய்டு குறைபாடு என்கிறார்கள். பிறந்து இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால் அந்தக் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். சில மாதங்கள் கழித்துக் கண்டுபிடித்தால், அறிவு வளர்ச்சியில் ஏற்பட்ட இழப்பை எந்த மருந்தாலும் முழுமையாக மீட்க முடியாது.

எவ்வளவு அரிதானது இது என்ற கேள்விக்கு உலக அளவில் சொல்லப்படும் விடை, 2,000 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தில்லி, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், சென்னை ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 1,130 குழந்தைகளுக்கு ஒருவரிடம் இக்குறைபாடு இருந்தது. சென்னையில் விகிதம் அதைவிடவும் கூடுதலாக, சுமார் 700-க்கு ஒன்று என்ற அளவில் இருந்தது. பெரிய அரசு மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் ஆண்டுக்கு ஏழாயிரம் பிரசவங்கள் நடப்பதாக வைத்துக்கொண்டால், இந்தக் கணக்கின்படி ஆண்டுக்குச் சுமார் பத்துக் குழந்தைகள் இக்குறைபாட்டுடன் வீட்டுக்குப் போகின்றன. அரிய நோய் என்ற சொல் இந்த ஊருக்குப் பொருந்தாது.

தைராய்டு சுரப்பது தைராக்ஸின் என்ற ஹார்மோனை. பெரியவர்களுக்கு அது குறைந்தால் உடல் எடை கூடும், சோர்வு வரும், முடி கொட்டும். மாத்திரை தொடங்கியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். பிறந்த குழந்தையின் நிலை வேறு. மூளை நரம்புகள் ஒன்றோடொன்று தொடுப்பதும், அவற்றின்மேல் கொழுப்புறை படிவதும் முதல் மூன்று ஆண்டுகளில்தான், அதிலும் முதல் சில மாதங்களில்தான், மிக வேகமாக நடக்கின்றன. அந்த வேலைக்குத் தைராக்ஸின் கட்டாயம் வேண்டும். கருவில் இருக்கும்வரை தாயின் தைராக்ஸின் நஞ்சுக்கொடி வழியாக ஓரளவு குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் சுரப்பியே இல்லாத குழந்தையும் நல்ல எடையுடன், பார்க்க எந்தக் குறையும் இல்லாமல் பிறக்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வரத்து நின்றுபோகிறது; தாயிடமிருந்து வந்த கையிருப்பும் நாளுக்கு நாள் கரைகிறது. இரண்டு வாரக் கெடு என்று மருத்துவர்கள் சொல்வதன் பின்னணி இதுதான்.

இக்குறைபாடுள்ள குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிறந்தவுடன் குறிப்பிடத்தக்க அறிகுறி எதுவும் தெரிவதில்லை. தெரிய வரும்போதும் அவை வேறொன்றாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை தெளியாவிட்டால், காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்பார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை மலம் போனால், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அப்படித்தான் என்பார்கள். தொப்புள் பிதுங்கி நின்றால் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் துணியால் கட்டுவார்கள். நாக்கு தடித்து வெளியே தெரிவது, அழுகுரல் கரகரப்பது, தோல் வறண்டு குளிர்ந்திருப்பது, பின்னந்தலை உச்சிக்குழி வழக்கத்தைவிட அகன்றிருப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். அந்த விளக்கங்கள் பெரும்பாலான குழந்தைகளின் விஷயத்தில் சரியாகவே இருப்பதுதான் சிக்கல். ஐந்தாம் மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை என்று தாய் கவலைப்படத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். 1972-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 89 ஆகவும், ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கியவர்களுடையது 54 ஆகவும் இருந்தது. அந்த வித்தியாசத்தால் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போய்ப் படிப்பதும் ஆயுள் முழுதும் பிறர் துணையில் இருப்பதும் முடிவாகிவிடுகிறது.

கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாததை ரத்தத்தால் பிடிக்கலாம் என்ற வழி, இந்நோய்க்காக முதலில் வந்ததல்ல. ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க மருத்துவர் 1960-களின் தொடக்கத்தில் வேறொரு பிறவி நோய்க்காக, குழந்தையின் குதிகாலைக் குத்தி வரும் சொட்டு ரத்தத்தை உறிஞ்சுதாளில் உலர்த்தி அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். கனடாவின் கியூபெக்கில் ழான் டுஸ்ஸோ 1970-களில் அதே உலர்ந்த துளியில் தைராக்ஸினை அளக்க முடியும் என்று காட்டினார். அதன் பிறகு பல நாடுகளில் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் இது வழக்கமான பரிசோதனையாயிற்று. இன்று பெரும்பாலும் அளக்கப்படுவது தைராக்ஸின் அல்ல, டி.எஸ்.எச். என்ற மற்றொரு ஹார்மோன். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக டி.எஸ்.எச்.-ஐ அனுப்புகிறது. வட சென்னை வீட்டு வாசல்களில் உள்ள அடிபம்பை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். குழாயில் தண்ணீர் வராதபோது அடிப்பவர் மேலும் மேலும் வேகமாக அடிப்பார். தண்ணீர் இல்லை என்பது அடிக்கும் வேகத்திலேயே தெரிந்துவிடும். டி.எஸ்.எச். மிக அதிகமாக இருந்தால், தைராய்டு சுரக்கவில்லை என்று பொருள். சில ஆயிரங்களில் ஒருவருக்கு அல்ல, பல்லாயிரங்களில் ஒருவருக்கு, கோளாறு பிட்யூட்டரியிலேயே இருக்கும். அதாவது அடிக்கவே ஆள் இல்லை. டி.எஸ்.எச்.-ஐ மட்டும் அளக்கும் பரிசோதனையில் அந்தக் குழந்தைகளின் குறை தெரியாமலே போய்விடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சொட்டு ரத்தம் எடுப்பது எளிது. எப்போது எடுப்பது என்பதில்தான் இழுபறி. பிறந்த அரை மணி நேரத்துக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் டி.எஸ்.எச். மிக உயரத்துக்குப் போய், அடுத்த இரண்டு மூன்று நாள்களில் இறங்குகிறது. முதல் நாளிலேயே ரத்தம் எடுத்தால், நலமாக உள்ள குழந்தைகளில் பலருக்கும் குறைபாடு இருப்பதுபோல் காட்டும். ஆகவே 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பதே சிறந்தது. சுகப்பிரசவம் ஆன தாயை 48 மணி நேரமாவது மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் படுக்கை நெருக்கடியும், வீட்டில் விட்டு வந்த மூத்த பிள்ளையும், கணவரின் நாள்கூலியும் சேர்ந்து அந்த நேரத்தைக் குறைத்துவிடுவது உண்டு. இதற்கு ஒரு மாற்று, பிரசவ அறையிலேயே தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துவிடுவது. குழந்தையைக் குத்த வேண்டியதில்லை, தாய் எப்போது வீட்டுக்குப் போனாலும் மாதிரி நம் கையில் இருக்கும். கடினமான பிரசவங்களில் தொப்புள்கொடி அளவு பொய்யாக உயர்ந்திருக்கும் என்பது அதன் குறை. இரண்டையும் ஒப்பிட்டால், குழந்தைகள் சீக்கிரம் வீடு திரும்பும் இடங்களில் தொப்புள்கொடி முறையே பொருத்தம் என்பது என் கருத்து. இந்தியக் குழந்தை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் வழிகாட்டு நெறியும் இரண்டையும் ஏற்கிறது. குறைமாதக் குழந்தைகள், எடை குறைந்தவர்கள், இரட்டையர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள் ஆகியோருக்கு முதல் சோதனை சரியாக இருந்தாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். அவர்களில் சிலருக்கு டி.எஸ்.எச். தாமதமாகத்தான் உயரும்.

மற்றொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிரசவத்தின்போதும், தொப்புளைச் சுத்தம் செய்யவும் பயன்படும் பழுப்பு நிற அயோடின் மருந்து குழந்தையின் தோல் வழியே உள்ளே போய்த் தைராய்டைச் சில நாள்களுக்கு முடக்கிவிடக்கூடும். அயோடின் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. அயோடின் சேர்க்காத கல்லுப்பைத்தான் கருவுற்றவர் வீட்டில் சமையலுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதை மாற்றுவது நல்லது.

உறிஞ்சுதாளில் எடுக்கும் ரத்தத்துக்குக் கடலோரக் காற்றே ஒரு பகை. தாளில் அச்சிட்ட வட்டங்களை ரத்தம் நிரப்பி, மறுபக்கமும் ஊறியிருக்க வேண்டும். பிறகு வெயில் படாமல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், மூன்று நான்கு மணி நேரம் கிடையாக உலர்த்த வேண்டும். ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் அந்த மூன்று மணி நேரம் போதாது. அரைகுறையாக உலர்ந்த தாளை உறையில் போட்டு அனுப்பினால் ஆய்வகம் அதை நிராகரிக்கும். அப்போது குழந்தையை மறுபடியும் அழைக்க வேண்டிவரும்.

அழைப்பது என்ற இந்த ஒற்றை வேலையில்தான் திட்டங்கள் பெரும்பாலும் தோற்கின்றன. ரத்தம் எடுப்பதற்கும் அளப்பதற்கும் கருவிகள் உண்டு, ஆள்கள் உண்டு. முடிவு வந்த பிறகு, அந்தக் குழந்தையை நகரத்துக்குள் தேடிப் பிடித்து இரண்டு வாரத்துக்குள் மருத்துவர் முன் கொண்டுவந்து நிறுத்துவது கருவியால் நடக்காது. வட சென்னையின் வழக்கங்கள் இதை இன்னும் கடினமாக்குகின்றன. முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருகிறாள். வியாசர்பாடித் தாய்வீட்டு முகவரியைக் கொடுத்து ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ பிரசவம் நடக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீடு இருக்கும் செங்குன்றத்துக்கோ பொன்னேரிக்கோ போய்விடுகிறாள். பதிவேட்டில் எழுதியிருப்பது கணவரின் கைப்பேசி எண். அவர் மீன்பிடிப் படகில் இருந்தால் நாள்கணக்கில் எடுக்க மாட்டார், துறைமுகத்தில் சுமை ஏற்றும் நேரத்தில் இருந்தாலும் எடுக்க மாட்டார். தெரியாத எண்ணிலிருந்து, குழந்தைக்கு ரத்தத்தில் ஏதோ இருக்கிறது, உடனே வாருங்கள் என்று ஒரு குரல் சொன்னால், அதை மோசடி அழைப்பாகவே நினைப்பவர்களும் உண்டு.

வழக்கமான அடுத்த சந்திப்பு எப்போது என்று பார்த்தால் நிலைமை இன்னும் விளங்கும். பிறந்ததும் போடும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசிக்குப் பிறகு அடுத்த ஊசி ஒன்றரை மாதத்தில். அதாவது 45-ஆம் நாள். இரண்டு வாரக் கெடு அதற்குள் மூன்று முறை கடந்துபோயிருக்கும். ஆகவே தடுப்பூசிக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவுத்தாளை எடுத்து வைப்பது, சோதனையே செய்யாததற்குச் சமம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி (PICME) எண் என்ற அரசுப் பதிவு எண் தரப்படுகிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும் என்பதால் அதை யாரும் தொலைப்பதில்லை. ரத்தத் தாளின்மேல் அந்த எண்ணை எழுதி, தாய்வீட்டு எண், கணவர் வீட்டு எண், தாய் அடுத்த மாதம் தங்கப்போகும் இடம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிவிட்டால், அந்தப் பகுதியின் நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்ட முடியும். செலவில்லாத ஏற்பாடு இது. தனியார் ஆய்வகங்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரிய நோய்களை ஒரே சொட்டில் காட்டுவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் பட்டியலைவிட, ஒரே ஒரு டி.எஸ்.எச். சோதனையும் நம்பகமான மூன்று தொலைபேசி எண்களும் இந்த நகரத்துக்குப் பயன் தரும்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் முப்பது குறைபாடுகள் கொண்ட பட்டியலில் பிறவித் தைராய்டு குறைபாடும் இருக்கிறது. மாநிலங்கள் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பிரிவில். அத்திட்டத்தில் பிரசவ அறையில் நடப்பது பெரும்பாலும் கண்ணால் பார்க்கும் ஆய்வு. உதட்டுப் பிளவையும் வளைபாதத்தையும் அது பிடிக்கும், இதைப் பிடிக்காது. எனவே அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், குழந்தைக்குத் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா, முடிவு எப்போது வரும் என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் கேட்பதில் தவறில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றுதான் அது.

முதல் சோதனையில் டி.எஸ்.எச். 40-க்கு மேல் இருந்தால், காத்திருக்காமல் அன்றே சிரை ரத்தம் எடுத்து, டி.எஸ்.எச்., தைராக்ஸின் இரண்டையும் பார்த்து, மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். 20-க்கும் 40-க்கும் இடையே இருந்தால் குழந்தை பிறந்த ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே மறுசோதனை. சுரப்பி எங்கே இருக்கிறது என்று பார்க்க ஸ்கேன் எடுப்பதும் உண்டு. அடிநாக்கிலேயே தங்கிவிட்ட சுரப்பி, அரைகுறையாக வளர்ந்த சுரப்பி, சுரப்பியே இல்லாமை என்று பெரும்பாலான குழந்தைகளிடம் அமைப்புக் கோளாறு தெரியும். ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கவில்லை என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. சில குழந்தைகளுக்குச் சுரப்பி சரியான இடத்தில், சரியான அளவில் இருந்தும் ஹார்மோனைத் தயாரிக்கும் நொதியில் பழுது இருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது தோன்றும். அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இந்தியாவில், குறிப்பாகத் தெற்கில், இவ்வகை கூடுதலாகக் காணப்படுவதற்குத் தாய்மாமன், அத்தை மகன் உறவில் நடக்கும் திருமணங்களும் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். இவர்களில் சிலருக்குக் காது கேட்பதிலும் குறை இருக்கும் என்பதால் செவித்திறனையும் சோதிப்பது வழக்கம்.

மருந்து ஒன்றே ஒன்று: லீவோதைராக்ஸின் மாத்திரை. சுரப்பி தர வேண்டிய அதே ஹார்மோனைத்தான் வெளியிலிருந்து தருகிறோம். விலையும் மலிவு, எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அளவைக் கேட்டதும் வீட்டில் பதற்றம் தொடங்கும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் என்ற கணக்கில், மூன்று கிலோக் குழந்தைக்கு 25 மைக்ரோகிராம் மாத்திரையில் ஒன்றரை எழுதப்படலாம். தைராய்டுக்காக ஐந்தாறு வருடமாக 50 மைக்ரோகிராம் சாப்பிடும் பாட்டி, பச்சைக் குழந்தைக்கு 37.5-ஆ என்று திகைப்பார். பெரியவர்களுக்கு ஒரு கிலோவுக்கு ஒன்றரை மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் போதும். குழந்தையின் உடல் ஹார்மோனைப் பல மடங்கு வேகமாகச் செலவழிக்கிறது. குறைந்துபோன கையிருப்பையும் உடனே நிரப்ப வேண்டும். பயந்து பாதி அளவாகக் கொடுப்பது, மூளைக்குத் தேவையான நேரத்தில் பாதி வயிறாகப் போடுவதற்கு ஒப்பாகும்.

கொடுக்கும் முறை சின்ன விஷயம்போலத் தோன்றினாலும் சிகிச்சை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு ஸ்பூன்களுக்கிடையே மாத்திரையைப் பொடித்து, சில சொட்டுத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து உடனே ஊட்ட வேண்டும். பாலாடை நிறையப் பாலில் கலந்தால், குழந்தை பாதியில் தூங்கிவிட்டால் மருந்தும் பாதி போய்விடும். மொத்தமாகக் கரைத்து வைத்துக்கொண்டு நாள்தோறும் ஊற்றுவதும் கூடாது. உரைமருந்துக் கல்லில் வசம்போடும் ஜாதிக்காயோடும் சேர்த்து இழைப்பது அறவே வேண்டாம். இரும்புச்சத்துச் சொட்டு, கால்சியம் மருந்து, சோயா மாவுப் பால் ஆகியவை தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கும் மாத்திரைக்கும் இடையே சில மணி நேரம் விட வேண்டும். வெப்பமும் வெளிச்சமும் மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும். தகரக் கூரை வீடுகளில், அடுப்பங்கரை அலமாரியும் தொலைக்காட்சிப் பெட்டியின் மேற்பகுதியும் அதற்கான இடமல்ல. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இதே மாத்திரையைச் சாப்பிடுகிறார் என்றால், இரண்டு புட்டிகளையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 25-உம் 100-உம் தூக்கக் கலக்கத்தில் மாறினால் குழந்தைக்கு நான்கு மடங்கு போய்ச் சேரும். அளவு கூடினால் இதயம் படபடக்கும், மலம் இளகும், குழந்தை தூங்காமல் சிணுங்கும். நீண்ட நாள் கூடினால் மண்டையோட்டு எலும்புகள் முன்கூட்டியே இணைந்துவிடக்கூடும்.

அதனால்தான் அடிக்கடி ரத்தம் பார்க்கிறார்கள். மருந்து தொடங்கிய ஓரிரு வாரத்தில் முதல் சோதனை, அளவு நிலைப்படும் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு முதல் வருடம் முழுதும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. குழந்தை வளர வளர எடையும் மாறுவதால் மாத்திரை அளவும் மாறிக்கொண்டே வரும். எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் தாய்க்கு ஒவ்வொரு சோதனையும் ஒரு நாள் வேலை. பிள்ளை நன்றாகக் குடிக்கிறது, சிரிக்கிறது, இனி எதற்கு என்ற எண்ணம் ஆறாம் மாதத்தில் வருவது இயல்பு. நன்றாக இருப்பது மாத்திரையால்தான் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆயுள் முழுதும் மாத்திரையா என்ற கேள்விக்கு முதல் நாளிலேயே எல்லோருக்கும் ஒரே விடை சொல்ல முடியாது. சுரப்பியே இல்லை என்று ஸ்கேனில் தெரிந்தவர்களுக்கு ஆம் என்பதே விடை. மற்றவர்களில் சிலருக்கு, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாலோ, தாய் சாப்பிட்ட மருந்தாலோ, அயோடினாலோ குறைபாடு தற்காலிகமாக வந்திருக்கலாம். மூளை வளர்ச்சியின் முக்கியப் பகுதி முடிந்த மூன்று வயதுக்குப் பிறகு, மருத்துவர் ஒரு மாதம் மாத்திரையை நிறுத்தச் சொல்லி ரத்தம் பார்ப்பார். அளவு சரியாகவே இருந்தால் மாத்திரை அதோடு நின்றுவிடும். டி.எஸ்.எச். மறுபடியும் உயர்ந்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்ற பழக்கம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் கூடவே வரும். இக்குறைபாடு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருவதால், இவர்களில் பலர் பின்னாளில் தாங்களே கருவுறுவார்கள். கருவுற்றது தெரிந்தவுடன் மாத்திரையின் அளவைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும். பிக்மி எண் வாங்க நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் முதல் நாளிலேயே, தனக்குப் பிறவியிலிருந்தே தைராய்டு மாத்திரை உண்டு என்று அந்தப் பெண் சொல்லிவிட வேண்டும்.